திருட வந்த கப்பலே காவலுக்கு: தொலைதூரத் தீவுகளுக்கு எந்த ரோந்துக் கப்பல்?

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரியூனியன் தீவில் நின்று பிரெஞ்சுக் கடற்படைக்கு ரோந்து போன 'லு மலேன்', பார்வைக்குப் போர்க்கப்பல் போலவே இருக்காது. ஒடுங்கிய உடல் இல்லை. தடித்த வயிறும் உயர்ந்த முன்பகுதியுமாக, பனிக்கடலில் வாரக்கணக்கில் கிடந்து மீன் பிடிக்கும் கப்பலின் தோற்றம். தோற்றம் பொய் சொல்லவில்லை. 'அப்பாச்சே' என்ற பெயரில், ஹோண்டுராஸ் கொடியைக் கட்டிக்கொண்டு, 2004-ல் அதே பெருங்கடலின் தென்கோடியில் உள்ள பிரான்சின் கெர்கெலன் தீவுகளின் கடலுக்கு, டூத்ஃபிஷ் என்ற ஆழ்கடல் மீனைத் திருட வந்த தூண்டில் கப்பல் அது. பிடிபட்டது, பறிமுதலானது. கடற்படை அதற்குச் சாம்பல் வண்ணம் பூசி, வேறு பெயர் சூட்டி, 2011-ல் ரியூனியனுக்குக் காவல் வேலைக்கு அனுப்பிவைத்தது. 'லு மலேன்' என்றால் தந்திரக்காரன். பழைய போர்க்கப்பல் ஒன்றின் பெயர்தான் என்றாலும், இந்தக் கப்பலுக்கு அதைத் தேர்ந்தெடுத்த அதிகாரி உள்ளுக்குள் சிரித்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

இந்தக் கதையை முதலில் படித்தபோது நானும் ரசித்தேன். ஒரு நாள் கழித்துத்தான் உறைத்தது. உலகத்திலேயே இரண்டாவது பெரிய கடற்பரப்புக்குச் சொந்தக்கார நாடு, திருடனிடம் பறித்த வண்டியில் ஏறிக் காவல் சுற்றும் நிலைக்கு எப்படி வந்தது? அந்த இடத்தில் வேறு என்ன கப்பல் நின்றிருக்க வேண்டும்? தாய்நாட்டிலிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும் ஒரு தீவுக்கு ரோந்துக் கப்பல் மாற்ற வேண்டிய அரசு, மேசையில் எந்தெந்த வழிகளை வைத்து எடைபோடும்? இங்கே அந்த வழிகளைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதலில் பரப்பின் கணக்கு. பிரான்சின் பிரத்யேகப் பொருளாதார மண்டலம், அதாவது மீன் முதலான வளங்கள் அதற்கே உரிமையான கடற்பரப்பு, ஒரு கோடி சதுர கிலோமீட்டருக்கு மேல். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு ஐரோப்பாவில் இல்லை. பசிபிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் கரீபியனிலும் சிதறிக் கிடக்கிறது. பிரெஞ்சு பாலினீசியாவின் பங்கு மட்டும் ஏறக்குறைய பாதி. இந்தியாவின் மொத்த மண்டலம் சுமார் 23 லட்சம் சதுர கிலோமீட்டர். பாலினீசியாவுடையது அதைப் போல இரு மடங்கு. இந்தியாவுக்கு அதைக் காக்க ஒரு கடற்படை, ஒரு கடலோரக் காவல்படை. பாலினீசியாவுக்கு பாப்பீத்தே துறைமுகத்தில் விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய கப்பல்கள்.

அந்தக் கப்பல்களில் அடிமட்ட வேலையை முப்பது ஆண்டுகளாகச் செய்தவை பி-400 வகைப் படகுகள். 1986 முதல் 1988 வரை பத்துப் படகுகள், எல்லாம் ஷெர்பூர் நகரில் கட்டப்பட்டவை. 54 மீட்டர் நீளம், முழுச் சுமையோடு 480 டன் அளவு, முகப்பில் ஒரு 40 மி.மீ. பீரங்கி. பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு பெண்ணின் குணம்: லா ரியூஸ் என்றால் சிரிப்புக்காரி, லா பூதூஸ் என்றால் முகம் தூக்கிக்கொள்கிறவள், லா மோக்கூஸ் கேலிக்காரி, லா தப்பஜூஸ் கூச்சல்காரி. ஒரு பெரிய வீட்டு அத்தைமார்களின் பட்டியல் போல இருக்கும். இரண்டிரண்டாக ரியூனியன், பசிபிக்கில் நியூ கலெடோனியாவின் தலைநகரான நூமேயா, தென் அமெரிக்காவில் உள்ள பிரெஞ்சு கயானா என்று குடியேறி, மீன் திருட்டைத் தடுப்பது முதல் புயலில் சிக்கியவர்களைத் தேடுவது வரை எல்லாம் செய்தன.

அத்தைமார்கள் சேர்ந்தே பிறந்தார்கள், சேர்ந்தே கிழவிகளானார்கள். சிக்கலின் வேர் அங்கேதான். ஒரே சந்தையில் வாங்கிய பத்து மாடுகளும் ஒரே ஆண்டில் பல் விழுந்து நிற்கும். மாட்டுக்காரன் அதை அறிவான். நிதி அமைச்சகங்கள் மட்டும் அறியாதது போல நடந்துகொள்ளும்.

தள்ளிப்போடுவதும் ஒரு முடிவுதான்

எந்த ஒப்பீட்டு அறிக்கையிலும் கடைசிப் பத்தியில் ஒளிந்திருக்கும் வழி இது: இருப்பதையே இன்னும் சில ஆண்டு ஓட்டுவது. செலவுப் பட்டியலில் இதற்கு நேரே பெரிய எண் எதுவும் இருக்காது. அதனாலேயே பெரும்பாலும் இதுதான் வெல்கிறது.

பிரான்சிலும் இதுதான் நடந்தது. பழைய ரோந்துக் கப்பல்கள் அனைத்துக்கும் ஒரேயடியாக மாற்று தருவதற்கு 'பட்சிமார்' என்று ஒரு பெருந்திட்டம் போட்டார்கள். ஒவ்வொரு பாதுகாப்பு நிதித் திட்டத்திலும் அது நகர்ந்து நகர்ந்து அடுத்த திட்டத்துக்குப் போனது. கப்பல்கள் காத்திருக்கவில்லை. ரியூனியனில் லா பூதூஸ் ஓய்வு பெற்றது. லா ரியூஸ் 2011-ல் கென்யாவுக்குக் கைமாறியது. நூமேயாவில் 2020-ல் லா மோக்கூஸ் விடைபெற, அதன் சோடியான லா குளோரியூஸ் தனித்து நின்றது. 2022 ஜனவரியில் தொங்காவில் எரிமலை வெடித்துக் கடல் பொங்கியபோது, நூமேயாவிலிருந்து உதவிப் பொருள்களோடு புறப்பட்டது அந்த லா குளோரியூஸ்தான். பாப்பீத்தேயிலிருந்து போனது 'அராகோ'. கடலடி அளக்கக் கட்டிப் பிறகு ரோந்துக்கு மாற்றிய கப்பல். முப்பது வயதைத் தாண்டிய இரண்டு முதியவர்கள் ஓடிப்போய் உதவியதைப் பாராட்டலாம். ஆனால் அந்த வாரம் அவற்றில் ஒன்றின் எந்திரம் படுத்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்ற கேள்வியை யாரும் உரக்கக் கேட்டதாகத் தெரியவில்லை.

பழையதை ஓட்டுவதில் இன்னொரு மறைமுகச் செலவும் உண்டு. 25 வயதைத் தாண்டிய கப்பல் உலர்துறையில் கிடக்கும் நாள்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடும். உதிரிப் பாகம் பிரான்சிலிருந்து வர வேண்டும். காகிதத்தில் இரண்டு கப்பல், கடலில் ஒன்றேகால் கப்பல் என்று ஆகிவிடும். இந்த வழியை நான் முற்றாகத் தள்ளிவிட மாட்டேன்: புதிய கப்பலுக்குக் கையெழுத்தாகி, அது வரும் தேதியும் தெரிந்த பிறகு, இடைப்பட்ட இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு இது சரி. கையெழுத்துக்குப் பதிலாக இதைச் செய்வதுதான் தவறு.

கைமாறிய கப்பல்

லு மலேன் தனி ஆள் இல்லை. 'லின்ஸ்' என்ற இன்னொரு திருட்டுக் கப்பல் 2003-ல் பிடிபட்டு, 'ஒசிரிஸ்' என்ற பெயரில் அதே தென்கடலைக் காக்கப் போனது. அவற்றுக்கும் மூத்தது 'அல்பத்ரோஸ்': 1967-ல் 'நெவே' என்ற இழுவலைக் கப்பலாகப் பிறந்து, 1983-ல் கடற்படை வாங்கி, 2015 வரை தென்கடலில் உழைத்தது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு! இதைப் பிழைப்புக்காகச் செய்த வேலை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கெர்கெலன் தீவு ரியூனியனிலிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தெற்கே, ஓயாத மேலைக்காற்று வீசும் அட்சரேகையில் இருக்கிறது. அங்கே ஒரு பி-400 போனால் மாலுமிகளுக்குச் சோறு உள்ளே தங்காது. மீன்பிடிக் கப்பலோ அந்தக் கடலுக்கென்றே பிறந்தது: வேகம் குறைவு, ஆனால் எரிபொருள் தாங்கும், அலையைத் தாங்கும். திருடனுக்குப் பொருந்திய கப்பல் காவலனுக்கும் பொருந்தும் என்பதில் ஒரு தர்க்கம் இருக்கிறது.

பிரிட்டனும் இதே வழியில் போயிருக்கிறது. அர்ஜென்டினாவோடு 1982-ல் நடந்த போர் முடிந்ததும் ஃபாக்லாந்து தீவுகளுக்கு உடனே காவல் வேண்டும். புதிதாகக் கட்ட நேரமில்லை. வடகடல் எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் கொண்டுபோகும் மூன்று கப்பல்களை 1983-ல் விலைக்கு வாங்கி, புரொடெக்டர், கார்டியன், சென்டினல் என்று பெயரிட்டு அனுப்பினார்கள். சில ஆண்டுகளில் அவற்றின் வேலை முடிந்தது. அவசரத்துக்கு வாங்கினார்கள், அவசரம் தீர்ந்ததும் விட்டார்கள். கைமாறிய கப்பலை இப்படித்தான் வாங்க வேண்டும்.

இதைவிட விநோதம் 'லத்ருவா'. பிரெஞ்சுக் கப்பல் கட்டும் நிறுவனம் தன் செலவில் ஒரு ரோந்துக் கப்பலைக் கட்டி, வாங்க ஆள் தேடிக்கொண்டிருந்தது. கடற்படை ஓட்டிக் காட்டினால் வெளிநாட்டு வாடிக்கையாளர் நம்புவார் என்று 2011-ல் அதை இரவலாகக் கொடுத்தது. கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியில் வைத்த சேலையை நம் வீட்டுப் பெண் கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போனது மாதிரி. 2018-ல் அர்ஜென்டினா வந்தது, விலை பேசியது, கப்பல் போய்விட்டது. இரவல் வாங்கிய கடற்படையின் கணக்கிலிருந்து ஒரு கப்பல் ஒரே நாளில் குறைந்தது. இரவல் என்பது மாற்றுத் திட்டம் ஆகாது. அது பழகிப் பார்க்க நல்லது, அவ்வளவே.

கைமாறிய கப்பலின் உண்மையான குறை அதன் வயதோ வேகமோ இல்லை. ஒவ்வொன்றும் ஒரு தனி இனம். லு மலேனின் எந்திரத்துக்கு வாங்கிய உதிரி அல்பத்ரோஸுக்குப் பொருந்தாது. ஒன்றில் பழகிய மெக்கானிக்கை மற்றதில் ஏற்றினால் முதல் நாளிலிருந்து பாடம் படிக்க வேண்டும். ஒரு கப்பலை வைத்துச் சமாளிக்கலாம். நான்கு துறைமுகங்களில் நான்கு விதமாக வைத்துச் சமாளிக்க முடியாது.

பாரம் சுமக்கும் காவலாளி

2010-களின் நடுவில் பிரான்ஸ் எடுத்த ஒரு முடிவு, முதல் பார்வையில் சமாளிப்பு போலத் தோன்றும். பழைய தரையிறக்கக் கப்பல்கள் ஓய்வு பெற்ற இடத்தை நிரப்ப, எண்ணெய்க் கிணற்றுச் சேவைக் கப்பலின் சாயலில் ஒரு பல்பணிக் கப்பலைக் கட்டினார்கள். 65 மீட்டர் நீளம், 2,300 டன் அளவு, பின்னால் திறந்த தளம், ஒரு கிரேன். வேகம் பதின்மூன்று நாட் (மணிக்குப் பதின்மூன்று கடல் மைல்) அளவுதான். எந்தத் திருட்டு விரைவுப்படகும் இதைப் பார்த்துச் சிரிக்கும். தாந்த்ரகாஸ்தோ நூமேயாவுக்கு, பூகேன்வில் பாப்பீத்தேவுக்கு, ஷாம்ப்ளேன் ரியூனியனுக்கு, கடைசியாக துய்மோன் துர்வீல் கரீபியனில் உள்ள மார்த்தினிக்குக்கு என்று நான்கு கப்பல்கள் வந்தன.

எனக்கு இந்த முடிவில் பிடித்தது கப்பலைவிட அதை ஓட்டும் முறை. ஒரு கப்பலுக்கு இரண்டு குழுக்கள். ஒரு குழு கடலில் இருக்கும்போது மற்றது விடுப்பிலும் பயிற்சியிலும் இருக்கும், பிறகு மாறிக்கொள்வார்கள். ஆட்கள் ஓய்வெடுக்கிறார்கள் என்பதற்காகக் கப்பலும் துறைமுகத்தில் படுத்திருக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு 200 நாள் அளவுக்குக் கடலில் இருக்க முடிகிறது. இரவுக் காவலுக்கு ஒரே ஆளை நம்பாமல் இரண்டு ஆள் போட்டு, டார்ச் லைட்டை மட்டும் ஒன்றாக வைத்துக்கொள்வது போலத்தான். ஃபாக்லாந்தில் பிரிட்டனும் இதன் மற்றொரு வடிவத்தைச் செய்தது: 2007-ல் போன 'கிளைட்' கப்பல் 2019 வரை அங்கேயே நின்றது. மாலுமிகள் விமானத்தில் வந்து போனார்கள். உலர்துறை வேலைக்குக்கூட இங்கிலாந்துக்குப் போகாமல் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்வந்தது. அதுவும் குத்தகைக்கு எடுத்த கப்பல்தான். குத்தகை முடிந்ததும் பஹ்ரைனுக்குப் போனது.

2024 டிசம்பரில் மயோத் தீவைச் சீடோ புயல் சூறையாடியபோது ரியூனியனிலிருந்து பொருள்களை ஏற்றிக்கொண்டு போனவற்றில் ஷாம்ப்ளேனும் ஒன்று. அந்த வாரத்தில் 25 நாட் வேகத்தை யாரும் தேடவில்லை, கிரேனைத் தேடினார்கள். தொலைதூரத் தீவில் கடற்படைக் கப்பல் என்பது பாதி காவல் நிலையம், பாதி லாரி. திட்டமிடுகிறவர்கள் முதல் பாதியை மட்டுமே நினைவில் வைக்கிறார்கள்.

ஆனால் இது ரோந்துக் கப்பலுக்கு மாற்று என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். மீன் திருடனைக் கண்டவுடன் துரத்த முடியாத கப்பல் பாதிக் காவல்தான்.

சேற்றுக்கு ஒன்று, பாறைக்கு ஒன்று

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரே அரசின் கீழ் இருந்தாலும் இரண்டு கடல்கள் எவ்வளவு வேறுபட்டவை என்பதை கயானாவும் நூமேயாவும் காட்டுகின்றன.

கயானாவின் கடலில் நீலம் கிடையாது. அமேசான் கொண்டுவந்து கொட்டும் வண்டல் கரையோரமாக வடமேற்கே நகர்ந்து வந்து, கடலைக் காபி நிறமாக்கி, அடியைச் சேறாக்கிவைத்திருக்கிறது. காயென் நகருக்கருகே உள்ள டெக்ராட் தெ கான் துறைமுகத்தில் மண்ணை வாரிக்கொண்டே இருந்தால்தான் கப்பல் வந்து போக முடியும். அங்கே ஆழம் தெரியாமல் காலை விட்டால் பழமொழி உண்மையாகிவிடும். திருட வருகிறவர்கள் பிரேசில், சுரினாம் பக்கத்து மரப்படகுக்காரர்கள். அவர்கள் தேடுவது அக்கூப்பா. நம் கத்தாழை மீனின் உறவு. அதன் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பைக்கு, இராமநாதபுரம் மீனவர் 'நெட்டி' என்று சொல்லும் அதே பொருளுக்கு, சீனச் சந்தையில் நல்ல விலை. கூறல் மீன் ஒன்று கிடைத்தால் பாம்பன் கரையில் ஊர் கூடுமே, அந்த ஆசைதான் அங்கேயும். அதனால் எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். சோதனைக்கு ஏறும் மாலுமிகளோடு கைகலப்பு நடப்பது அங்கே புதிதல்ல. கயானாவில் இன்னொரு வேலையும் உண்டு: அங்குள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து ராக்கெட் ஏவும் நாளில் கடல்புறத்தைக் காவல் காப்பது.

இந்தக் கடலுக்கு நீளமான, ஆழமாக அமிழும் கப்பல் வேண்டாம். 2014-ல் ஆணையிட்டு, பூலோன் நகரின் சொகாரெனாம் தளத்தில் கட்டிய 'லா கோன்ஃபியான்ஸ்', 'லா ரெசோலூ' என்ற இரண்டும் இந்தச் சேற்றை மனத்தில் வைத்து வரைந்தவை. 60 மீட்டருக்குச் சற்று அதிக நீளம், 24 பேர் கொண்ட குழு, 21 நாட் வேகம். கடற்படைக்குப் பிடித்துப்போய் மூன்றாவதாக 'லா கொம்பத்தாந்த்' கட்டி மார்த்தினிக்குக்கு அனுப்பினார்கள். இங்கே மட்டும் கடல் கேட்டதற்கு ஏற்பக் கப்பல் வரைந்தார்கள். பட்சிமார் போன்ற பெருந்திட்டத்துக்குக் காத்திருக்காமல், கயானாவுக்கென்று இரண்டை மட்டும் தனியாக வெட்டி எடுத்து முடித்ததுதான் இந்தக் கதையின் சிறந்த நிர்வாக முடிவு என்பது என் கருத்து.

இன்னும் சின்னக் கடலுக்கு இன்னும் சின்னப் படகு. ஜிப்ரால்டரில் பிரிட்டன் வைத்திருந்தவை வட அயர்லாந்தில் உழைத்துவிட்டு வந்த 16 மீட்டர் படகுகள். 2020-ல் அவை போக, இடைக்காலத்துக்கு மாணவர் பயிற்சிப் படகுகள் இரண்டு வந்தன. பிறகு 99 லட்சம் பவுண்டு ஒப்பந்தத்தில் 'கட்லஸ்', 'டாகர்' என்று 19 மீட்டர் விரைவுப்படகுகள் இரண்டு கட்டப்பட்டன. வேகம் 40 நாட். கண்ணுக்கெட்டிய தூரமே எல்லையாக உள்ள நீரிணைக்கு அது போதும். பசிபிக்கில் அதே படகு முதல் நாள் மாலைக்குள் எரிபொருள் தீர்ந்து நிற்கும்.

இனி நூமேயா. 2016, 2017-ல் நியூ கலெடோனியாவின் பவளப்பாறைகளுக்கு வியட்நாமிலிருந்து நீல வண்ணம் பூசிய மரப்படகுகள் வந்தன. கடல் அட்டை அள்ள! பாக் நீரிணைக் கரையில் வளர்ந்தவர்களுக்குக் கடல் அட்டையின் விலையை விளக்கத் தேவையில்லை. ஆனால் அதற்காக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மரப்படகில் வரலாம் என்பது எனக்கே புதிதாக இருந்தது. செஸ்டர்ஃபீல்டு பவளத்திட்டுகள் நூமேயாவிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. அங்கே ஒரு நீலப் படகு தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். கடற்படைக் கப்பல் போகிறது, மாலுமிகள் ஏறுகிறார்கள், மூட்டை மூட்டையாக உலர்ந்த அட்டை இருக்கிறது. இனிமேல்தான் வேலை. படகையும் ஆட்களையும் நீதிமன்றம் உள்ள நூமேயாவுக்குக் கொண்டுவர வேண்டும். மரப்படகு ஊர்ந்து வரும். காவல் கப்பலும் அதோடு சேர்ந்து ஊர்ந்து வர வேண்டும். அந்த நாள்களில் மற்ற கடல் முழுவதும் திறந்த வீடு. அடுத்த நீலப் படகுக்குத் தெரிந்த விஷயம் இது.

இந்த ஒரு காட்சியை மனத்தில் நிறுத்திக்கொண்டால் பீரங்கி, வேகம், ராடார் என்ற பேச்சுகளின் எடை தானாகவே குறைந்துவிடும். அங்கே வேண்டியது எண்ணிக்கை. பல நாள் கடலிலேயே கிடக்கும் பொறுமை. பிடிபட்டவர்களை ஏற்றிக்கொள்ள இடம்.

2019 டிசம்பரில் கையெழுத்தான ஆறு கப்பல்கள் இந்தத் தேவைக்குக் கொடுத்த விடை. கடல்கடந்த பகுதி ரோந்துக் கப்பல் என்றே வகைக்குப் பெயர். 80 மீட்டரை ஒட்டிய நீளம், 1,300 டன் அளவு, 5,500 கடல் மைல் தொலைவு, துறைமுகம் தொடாமல் ஒரு மாதம். முப்பது பேர் ஓட்ட, ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் வெளியாட்களை ஏற்றலாம். நீலப் படகுக்காரர்களைத் தளத்தில் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார வைக்க வேண்டியதில்லை. ஹெலிகாப்டர் இல்லை, சின்ன ஆளில்லா விமானம் உண்டு. கயானாக் கப்பலைக் கட்டிய அதே சொகாரெனாம்தான் கட்டியது. ரியூனியனுக்கு இரண்டு, நூமேயாவுக்கு இரண்டு, பாப்பீத்தேவுக்கு இரண்டு. முதல் கப்பல் 'ஒகூஸ்த் பெனெபிக்' 2023-ல் நூமேயா சேர்ந்தது. அத்தைமார்களின் பெயர்கள் போய், இரண்டாம் உலகப் போரில் விடுதலை பிரான்சின் பக்கம் நின்ற கடல்கடந்த பகுதி வீரர்களின் பெயர்கள் வந்தன. கயானாவில் பிறந்த ஃபெலிக்ஸ் எபுவேயின் பெயர் தாங்கிய கப்பல் ரியூனியனுக்கென்று ஒதுக்கப்பட்டது. அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழ்க் கூலிகளும் கடல் வழியாகவே வந்தவர்கள். அங்கே வேறு ஊர்ப் பெயர் ஒன்று கூடுதலாக வந்து நிற்பதில் யாருக்கும் வியப்பு இருக்காது.

ஹெலிகாப்டரை விட்டதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. மீட்புப் பணியில் அது உண்மையான இழப்புதான். ஆனால் ஹெலிகாப்டர் வேண்டும் என்றால் தளம், கொட்டகை, விமானிகள், பழுது பார்ப்பவர்கள் என்று கப்பல் வீங்கும். ஆறு கப்பலுக்குப் பதில் மூன்றுதான் கிடைக்கும். நீலப் படகுக் காட்சியில் மூன்றைவிட ஆறுதான் நல்லது. என் குறை வேறு. ஆறும் ஒரே கையெழுத்தில், ஒன்றன்பின் ஒன்றாகச் சில ஆண்டுகளுக்குள் பிறந்திருக்கின்றன. மீண்டும் ஒரே சந்தை மாடுகள்.

கப்பலைக் குறைத்துக் கண்ணைக் கூட்டினால்?

கப்பல் எண்ணிக்கையைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு, அதை எதிர்க்கும் வாதத்தையும் நேர்மையாக வைக்க வேண்டும். கெர்கெலன் கடலில் டூத்ஃபிஷ் திருட்டு ஒடுங்கியதற்குக் கப்பல்கள் மட்டும் காரணம் இல்லை. 2004 முதல் அந்தத் தீவிலேயே செயற்கைக்கோள் ராடார் படங்களைப் பெறும் நிலையம் வேலை செய்கிறது. மேகமோ இரவோ தடையில்லை. கடலில் ஓர் இரும்புப் புள்ளி நின்றால் தெரியும். உரிமம் பெற்ற கப்பல்கள் எங்கே இருக்கின்றன என்பதும் தெரியும். பட்டியலில் இல்லாத புள்ளியைத் தேடி மட்டும் கப்பல் போனால் போதும். அதற்கு முன்பு இலட்சக்கணக்கான சதுர கிலோமீட்டரில் குருடன் யானையைத் தேடுவது போல ஒரு அல்பத்ரோஸ் சுற்றிக்கொண்டிருந்தது.

ஆகவே 'கண்' முதலீடு தேவை. ஆனால் அது கப்பலுக்குப் பதிலாக இல்லை. இரும்புக் கப்பலைப் பார்க்கும் ராடாருக்குச் சின்ன மரப்படகு எளிதில் தெரியாது. கயானாவிலும் செஸ்டர்ஃபீல்டிலும் எதிராளி மரப்படகுதான். மேலும், பார்த்துவிட்டுப் போக முடியாத காவல் ஒருவிதத்தில் மோசம். திருடன் வீட்டுக்குள் நுழைவதை கேமராவில் பார்த்துக்கொண்டு, போக வண்டியில்லாமல் உட்கார்ந்திருக்கும் காவல் நிலையம் யாருக்கு வேண்டும்?

பணம் யாருடையது?

இதை ஒப்பீட்டு அறிக்கைகள் தொடவே தொடாது. பாலினீசியாவிலும் நியூ கலெடோனியாவிலும் கடல் வளத்தை நிர்வகிக்கும் உரிமை உள்ளூர் அரசுகளிடம் இருக்கிறது. காவல் பாரிஸின் வேலை, செலவும் பாரிஸுடையது. அதனால் எந்தக் கப்பல் வேண்டும் என்ற கேள்வி பாப்பீத்தே மீனவரிடம் போவதில்லை.

பழைய ஹாங்காங் இதற்கு நேரெதிர். பிரிட்டனின் கைவசம் இருந்த அந்தத் துறைமுகத்தில், கண்ணிவாரிக் கப்பல்களை ரோந்துக்கு மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவற்றுக்கு மாற்றாக, சூறாவளியைத் தாங்கும்படி வரைந்த 'பீகாக்' வகைக் கப்பல்கள் ஐந்து 1983 முதல் 1985 வரை சேவைக்கு வந்தன. கட்டியது ஸ்காட்லாந்தின் அபர்தீன். செலவில் நூற்றுக்கு எழுபத்தைந்து ஹாங்காங் அரசின் கஜானாவிலிருந்து. அங்கே அன்றைய தலைவலி சீனாவிலிருந்து இரவில் வரும் சின்னப் படகுகள். கப்பலில் இருந்ததோ 76 மி.மீ. பீரங்கி. முக்கால் பங்கு பணம் கொடுத்தவருக்கு எது தேவை, கால் பங்கு கொடுத்தவருக்கு எது பிடிக்கும் என்பதை அந்தப் பீரங்கி காட்டிக்கொடுக்கிறது என்று எனக்குத் தோன்றும். ஐந்தில் இரண்டை 1988-லேயே அயர்லாந்துக்கு விற்றுவிட்டார்கள். மிச்ச மூன்றும் 1997-ல் கொடி இறங்கியபோது ஃபிலிப்பைன்ஸுக்குப் போயின. மூன்று கடற்படைகளில் உழைத்ததால் கப்பல் மோசமில்லை என்று தெரிகிறது. அந்தத் துறைமுகத்துக்கு அது பொருந்தியதா என்பது வேறு கேள்வி.

எனவே என் தேர்வு எது? ரியூனியன், நூமேயா, பாப்பீத்தே போன்ற பெருங்கடல் தளத்துக்கு 80 மீட்டர் வகையே சரி. அதற்குத் துணையாக ஒரு பாரக் கப்பல், இரண்டுக்கும் இரட்டைக் குழு. கயானா போன்ற சேற்றுக்கரைக்கு அந்தக் கரைக்கென்றே வரைந்தது, எவ்வளவு சின்னத் தொகையானாலும் தனித் திட்டமாக. கைமாறிய கப்பல், ஒரு தளத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். அதுவும் திரும்பக் கொடுக்கும் தேதியோடு. செயற்கைக்கோள் பணத்தைக் கப்பல் கணக்கில் கழிக்கக் கூடாது. ஒப்பந்தத்தில் எத்தனை கப்பல் என்று எழுதுவதோடு நிற்காமல், ஆண்டுக்கு எத்தனை நாள் கடலில் என்றும் எழுத வேண்டும். கட்டும் தளத்துக்கு ஆணையை இரண்டு தவணையாக, நடுவில் ஏழெட்டு ஆண்டு விட்டுக் கொடுத்தால் விலை கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

இந்தக் கோப்பு மூடப்படவில்லை. ரோந்துக் கப்பல்களுக்கு மேலே, ஹெலிகாப்டர் தளத்தோடு, ஆறு கண்காணிப்புக் கப்பல்கள் இருக்கின்றன: ஃப்ளோரெயால், நிவோஸ், பிரேரியால், வாந்தெமியேர், வாந்தோஸ், ஜெர்மினால். பிரெஞ்சுப் புரட்சி நாள்காட்டியின் மாதங்கள். எல்லாம் சேன் நசேரில், 1990-களின் தொடக்கத்தில், ஒரே வரிசையில் கட்டப்பட்டவை. அவற்றின் இடத்துக்கு ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து வரையும் ஒரு கப்பல் 2030-களில் வரும் என்று திட்டம் சொல்கிறது.